குருவானவர் ஓய்வெடுக்கும்போது தேநீர் போடுவது யார்?

இங்கிலாந்துத் திருச்சபையில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒரு விகார், அதாவது ஒரு பங்கின் பொறுப்பைத் தாங்கும் குருவானவர், பேராயரின் அனுமதியோடு ஏறத்தாழ மூன்று மாத ஓய்வு விடுப்பில் போகலாம். இதற்கு சபாட்டிக்கல் என்று பெயர். ஓய்வுநாளைக் குறிக்கும் சபாத் என்ற எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. விடுப்புக்குப் போகிறவர் படிக்கலாம், யாத்திரை நடக்கலாம், ஒரு மடத்தில் மௌனமாக இருக்கலாம். திரும்பி வந்ததும் தமக்குக் கிடைத்த தெளிவைப் பற்றிச் சபைக்கு ஒரு கடிதம் எழுதுவார். சபையாரும் மகிழ்ச்சியோடு வாசிப்பார்கள்.

அந்த மூன்று மாதமும் ஞாயிறு ஆராதனை நிற்பதில்லை. ஓய்வுபெற்ற குருக்கள் வந்து திருவிருந்து நடத்துகிறார்கள். சர்ச் வார்டன்கள் என்னும் இரண்டு பொறுப்பாளர்கள் சாவியையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறார்கள். இவை ஏட்டில் இருக்கும் வேலைகள். பூ அலங்காரம், பீடத்துணியைத் துவைத்து இஸ்திரி போடுவது, ஆராதனை முடிந்ததும் தேநீர், வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களைப் பார்த்து வருவது, பழைய துணி விற்பனை, துக்க வீட்டுக்குச் சாப்பாடு என்று ஏட்டில் இல்லாத வேலைகளும் உண்டு. விகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை நடந்தாக வேண்டும். அவர் இல்லாதபோது இன்னும் கூடுதலாக நடந்தாக வேண்டும். இந்த வேலைகளின் முறைப்பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதில் பெரும்பாலும் பெண்களின் பெயர்களையே காணலாம்.

ஓய்வு கூடாது என்று வாதிட இதை எழுதவில்லை. களைத்த மனிதருக்கு ஓய்வு வேண்டும். ஒருவர் கீழே இறக்கி வைத்த சுமை தரையில் இருக்கிறதா, இன்னொருவர் தலைக்கு ஏறிவிட்டதா என்பதே கேள்வி. ஆங்கிலப் பங்கு வாழ்க்கையை எழுதிய பெண் எழுத்தாளர்கள் இந்தச் சுமை மாறும் கணக்கை நுட்பமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களை வேடிக்கையான கிராமக் கதைக்காரர்களாகவும் பக்திக் கதைக்காரர்களாகவும் படித்துப் பழகியதால் நாம் அந்தக் கணக்கைப் பார்க்கத் தவறுகிறோம்.

ஜார்ஜ் எலியட்டிலிருந்து தொடங்கலாம். 1857 ஜனவரியில் பிளாக்வுட்ஸ் இதழில் வெளியாகத் தொடங்கிய 'ஆமோஸ் பார்ட்டன்' அவருடைய முதல் புனைகதை. ஷெப்பர்ட்டன் என்ற ஊரின் விகார் அந்த ஊரில் இல்லவே இல்லை. வடக்கே எங்கோ வேறொரு பங்கில் இருக்கிறார். ஊரில் வேலை பார்ப்பவர் உதவிக் குரு ஆமோஸ். ஆண்டுச் சம்பளம் 80 பவுண்டு. அது போக மிஞ்சும் 35 பவுண்டு 10 ஷில்லிங்கை வாங்கிக்கொள்வதுதான் ஷெப்பர்ட்டனுக்கு விகார் செய்யும் ஊழியம். எலியட் இந்தத் தொகையைப் பைசா சுத்தமாகக் குறிப்பிடுகிறார். அந்த 80 பவுண்டில் ஆறு குழந்தைகளை வளர்ப்பவள் ஆமோஸின் மனைவி மில்லி. கூடை நிறையக் கிழிந்த காலுறைகள். தைத்துத் தைத்து மாளவில்லை. இதற்கு நடுவில் ஒரு சீமாட்டி விருந்தாளியாக வந்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிறாள். மில்லி மறுபடி கருவுறுகிறாள். குறைப்பிரசவத்தில் குழந்தையும் போகிறது, தாயும் போகிறாள்.

இதைக் கண்ணீர்க் கதையாகவே பலரும் படிக்கிறார்கள். கணக்கைப் பின்தொடர்ந்தால் வேறொன்று தெரிகிறது. ஊரில் இல்லாத விகாரின் வேலை உதவிக் குருவின் தலையில் ஏறுகிறது. உதவிக் குருவின் வறுமை அவர் மனைவியின் உடம்பில் இறங்குகிறது. மூவரில் சம்பளமே இல்லாதவள் அவள்தான், செத்துப்போகிறவளும் அவள்தான். சபையார் மனம் இளகி உதவிக்கு வருவது அவளைப் புதைத்த பிறகு. கதையின் முடிவில், ஆண்டுகள் பல கழிந்து முதியவராகிவிட்ட ஆமோஸுடன் கல்லறைக்கு வருபவள் மூத்த மகள் பாட்டி. முப்பதை எட்டிவிட்டாள், திருமணமாகவில்லை, அப்பாவைக் கவனித்துக்கொள்கிறாள். தாயின் இடம் காலியாக விடப்படவில்லை. மகளைக் கொண்டு நிரப்பப்பட்டிருக்கிறது.

எலியட்டிடம் எனக்கு ஒரு குறை உண்டு. மில்லியை அவர் மிக அழகாகச் சாகவிடுகிறார். முணுமுணுக்காத பெண்ணாக அவளைப் படைத்ததால், அவளுக்கு நடந்த அநியாயத்தைக் காட்டிலும் அவளுடைய பொறுமையே வாசகர் மனதில் தங்குகிறது. இந்த வீட்டில் உண்மையை உரக்கச் சொல்பவள் வேலைக்காரி நேன்ஸி அல்ல, மேரி அல்ல, பெயரே பதவியாகிவிட்ட 'நானி'. எங்கள் அம்மா உழைத்துச் சாகிறாள், நீ உட்கார்ந்து தின்கிறாய் என்ற பொருளில் அவள் சீமாட்டியின் முகத்துக்கு நேரே பேசிய பிறகே சீமாட்டி கிளம்புகிறாள். குருமனையில் யாருக்கு ஓய்வு இல்லை என்பது வேலைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. குருவானவருக்குத் தெரியவில்லை.

சுமார் நூறாண்டு கழித்து, 1952இல், பார்பரா பிம் 'எக்ஸலன்ட் விமன்' நாவலை வெளியிட்டார். உத்தமப் பெண்கள் என்று பொருள் சொல்லலாம்; அந்தப் பாராட்டில் ஒளிந்திருக்கும் கேலியையும் சேர்த்தே. போருக்குப் பிந்தைய லண்டன். கதை சொல்லும் மில்ட்ரெட் ஒரு குருவானவரின் மகள், முப்பதைத் தாண்டியவள், திருமணம் ஆகாதவள். பங்கின் விகார் ஜூலியன் மலோரிக்கு வீட்டைப் பார்த்துக்கொள்பவள் அவருடைய சகோதரி வினிஃப்ரெட். ஜூலியன் ஓர் அழகிய விதவையை மணக்க முடிவு செய்ததும், இத்தனை வருடம் அந்த வீட்டை நடத்திய வினிஃப்ரெட் அங்கே வேண்டாதவளாகிறாள். ஓரிரவு நிலைகுலைந்து மில்ட்ரெட்டின் வாசலில் வந்து நிற்கிறாள். குருமனையில் அவள் செய்தது வேலை என்று கணக்கில் வந்திருந்தால் அவளுக்கு ஒரு நோட்டீஸ் காலமாவது கிடைத்திருக்கும். அன்பு என்று கணக்கில் வந்ததால் எதுவும் கிடைக்கவில்லை.

பிம்மின் மிகக் கூர்மையான இடம் ஒரு தேநீர்க் கெட்டிலைச் சுற்றி நடக்கிறது. பங்குப் பெண்கள் கூடியிருக்கிறார்கள். மிஸ் ஸ்டாதம் பெரிய பாத்திரத்தில் தேநீர் போடுகிறாள். இப்போது நமக்குத் தேநீர் வேண்டுமா என்று மில்ட்ரெட் கேட்டுவிடுகிறாள். மிஸ் ஸ்டாதம் அடிபட்டவள்போல, ஏறக்குறைய கோபத்தோடு, அவளைப் பார்க்கிறாள். வேடிக்கையாகச் சொன்னேன் என்று மில்ட்ரெட் பின்வாங்குகிறாள்.

சிரித்துவிட்டுக் கடக்கக்கூடிய இடம் இது. மிஸ் ஸ்டாதம் ஏன் கோபப்படுகிறாள் என்று யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். அந்தப் பங்கில் அவள் பிரசங்கம் செய்ய முடியாது, திருவிருந்து நடத்த முடியாது. அவளுக்கென்று இருக்கும் இடம் அந்தக் கெட்டிலுக்குப் பக்கத்தில்தான். தேநீர் தேவையில்லை என்றால் அவளும் தேவையில்லை. 'பெண்களே, நீங்களும் ஓய்வெடுங்கள்' என்று யாராவது அன்போடு சொன்னால் அது ஏன் பல சபைகளில் எடுபடுவதில்லை என்பதற்கான விடை இங்கே இருக்கிறது. விகார் மூன்று மாதம் போய்த் திரும்பினால் அவருடைய நாற்காலி அவருக்காகக் காத்திருக்கும். மிஸ் ஸ்டாதம் மூன்று வாரம் வராவிட்டால் கெட்டில் இன்னொருத்தியின் கைக்குப் போய்விடும். திரும்பி வர இடமிருப்பவருக்கே ஓய்வு ஓய்வாக இருக்கிறது. மற்றவருக்கு அது வெளியேற்றம்.

ஜோனா ட்ரோலப்பின் 'தி ரெக்டர்ஸ் வைஃப்' (1991) இந்த நூலிழையை எடுத்து இழுக்கிறது. கிராமப்புறக் குருவானவரின் மனைவி அன்னா. பள்ளியில் துன்பப்படும் மகளை வேறு பள்ளிக்கு மாற்றப் பணம் வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் பொருள் அடுக்கும் வேலைக்குச் சேர்கிறாள். கணவன் அவமானமாக உணர்கிறான். சபையும் முகம் சுளிக்கிறது. இருபது வருடம் சம்பளமில்லாமல் பங்குக்கு உழைத்தபோது யாருக்கும் அது அவமானமாகப் படவில்லை. கூலி வாங்கிய நாளில்தான் அவள் குருமனையின் மானத்தைக் கெடுத்தவள் ஆனாள்.

இந்த மூன்று கதைகளிலும் குருவானவர் ஆண். பெண்களே குருவாகிவிட்டால் கணக்கு சரியாகிவிடுமா? 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் முதன்முறையாகக் குருவாக அபிஷேகம் பெற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிபிசியில் 'தி விகார் ஆஃப் டிப்லி' தொடர் ஆரம்பமானது. டான் ஃப்ரெஞ்ச் நடித்த ஜெரால்டின் அந்தக் கிராமத்துக்கு வந்திறங்கியபோது கோடிக்கணக்கானோர் சிரித்து அவரை ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தொடரின் ஒரு கிறிஸ்துமஸ் கதையில் ஜெரால்டின் ஒரே நாளில் வீடு வீடாகப் போய் முழு விருந்து சாப்பிட்டாக வேண்டும். யாருக்கும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. விகாரின் அங்கி அவள் தோளுக்கு வந்துவிட்டது. விகாரின் மனைவி சுமந்த கடமை அந்த அங்கிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டிய அந்தக் கடமையைத்தான் நாம் நகைச்சுவை என்று பார்த்துச் சிரித்தோம்.

இன்று இங்கிலாந்துத் திருச்சபையில் குருக்களுக்கான பணி விதிகள் இருக்கின்றன. ஏழு நாளில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு, ஆண்டுக்கு 36 நாள் விடுப்பு. பெண் குருக்களும் போராடிப் பெற்ற பாதுகாப்பு இது; குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே திருச்சபையில் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்யும் குருக்களும் இருக்கிறார்கள். அவர்களிடையே பெண்களின் பங்கு, சம்பளம் பெறும் குருக்களிடையே இருப்பதைவிட அதிகம். சம்பளம் பெறும் விகார் விடுப்பில் போகும்போது, பக்கத்தில் இருக்கும் சம்பளமில்லாத குருவைத்தான் முதலில் கூப்பிடத் தோன்றும். எலியட் எழுதிய படிக்கட்டு இன்னும் முழுதாக இடிபடவில்லை.

சபாட்டிக்கல் தன் வேரைச் சபாத்தில் காட்டுவதால், அந்தச் சட்டத்தையே அளவுகோலாக வைத்துப் பார்ப்போம். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாதவர்களைப் பட்டியலிடுகிறது: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். மனைவி பட்டியலில் இல்லை. 'நீ' என்பதில் அவளும் அடக்கம் என்று சிலர் விளக்குகிறார்கள். அவளை யாரும் எண்ணவே இல்லை என்று பெண்ணிய வாசகர்கள் சொல்கிறார்கள். எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று மிஞ்சுகிறது: அந்தச் சட்டத்தின் நோக்கம் தலைவன் மட்டும் ஓய்வது அல்ல. உபாகமம் 5ஆம் அதிகாரம் காரணத்தையே வெளிப்படையாகச் சொல்கிறது: உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். லேவியராகமம் 25இல் ஏழாம் ஆண்டு நிலத்துக்கே ஓய்வு. சபாத் என்றால் வீடு முழுவதும் ஒன்றாக வேலையை நிறுத்துவது. ஒருவர் போய்விட்டு மற்றவர்கள் இரட்டிப்பாக உழைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இந்தப் பேச்சு நமக்குத் தொலைவானதும் அல்ல. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, ஆங்கிலிக்கன் மரபின் ஒரு பெரிய பகுதியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. திருநெல்வேலிச் சேகரங்களில் வளர்ந்த பெண்களுக்கு 'ஐயரம்மா' என்ற சொல் தெரியும். அது ஒரு பதவிபோல ஒலிக்கும். நியமன உத்தரவு கிடையாது, சம்பளம் கிடையாது. ஐயருக்கு இடமாற்றம் வந்தால் ஐயரம்மாவும் பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். இதே திருச்சபையில்தான் 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பா லலிதா பேராயரானார். இங்கிலாந்துத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2015 ஜனவரியில்தான். மேலே இருக்கும் நாற்காலியில் நாம் முந்திவிட்டோம். கீழே இருக்கும் சமையலறையில் இரு நாடுகளின் பெண்களும் ஒரே வரிசையில் நிற்கிறோம்.

எனவே ஒரு குருவானவரின் விடுப்புத் திட்டத்தைச் சபை பேசும் கூட்டத்தில் பெண்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. இந்த மூன்று மாதத்தில் எந்தெந்த வேலையை நிறுத்தப் போகிறோம்? நிறுத்தாதவற்றை யார் செய்வார்கள், அவர்களைக் கேட்டீர்களா? குருவானவர் திரும்பிய பிறகு அடுத்த ஓய்வு யாருக்கு? பூ இல்லாத ஒரு ஞாயிறு, தேநீர் இல்லாத ஒரு மாதம், தள்ளிப்போடப்பட்ட ஒரு விற்பனை: இவற்றால் எந்தச் சபையும் இடிந்து விழாது. ஆனால் தேநீரை நிறுத்தும் முடிவை மிஸ் ஸ்டாதம் எடுக்க வேண்டும். அவளுக்காக வேறொருவர் எடுக்கக் கூடாது. அதற்கு முதலில் கெட்டிலின் பக்கத்திலிருந்து அவளை அழைத்து, முடிவெடுக்கும் மேசையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். மூன்று வாரம் அவள் வராவிட்டாலும் அந்த நாற்காலி அவளுடையதாகவே இருக்க வேண்டும்.