மெலிந்த உடலும் எள்ளல் நகையும்: தமிழ் வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கிடக்கும் கரையோரச் சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாற் பலராலும் அறியப்பட்ட இவ்வூரின் வாழ்வு கடலோடு பிணைந்தது. வாடைக் காலத்திற் கடல் கொந்தளிக்கத் தொழில் தடைப்படும், வருவாய் குறையும், கடன் பெருகும். இப்பகுதிக் கரைகளிற் கம்பாக் கயிற்றைப் பற்றிக் கரைவலை இழுப்போரின் உடல் பெரும்பாலும் மெலிந்தது. எலும்பும் நரம்பும் வெளித்தெரிவது. அம்மெலிவு வெயிலாலும் உழைப்பாலும் போதாத உணவாலும் வார்க்கப்பட்டது.

இத்தகைய உடலைக் குறிக்க நம்மவரிடையே வழங்கும் சொற்கள் சில உள. 'நெத்தலி' என்பது ஒன்று. 'கருவாடு' என்பது மற்றொன்று. கடற்றொழிலாளி தன் உழைப்பாற் கரைசேர்க்கும் பொருள்கள் இவை. அவன் பிள்ளைகளின் பசி தீர்க்கும் பொருள்களும் இவையே. அவையே அப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட முற்றத்தில் இகழும் பெயர்களாகவும் மாறிவிடுகின்றன. உழைப்பின் பயன் உழைப்பாளியையே சுடும் சொல்லாவது எவ்வாறு? ஒல்லியான உடலைக் கண்டவுடன் நகைக்கும் பழக்கம் நம்மிடையே எவ்வாறு வேரூன்றியது? இவ்வினாக்களைத் தமிழ்ச் சினிமாவையும் தொலைக்காட்சியையும் இன்றைய சமூக ஊடகங்களையும் முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மெலிவு பற்றிய தமிழ் மரபு ஒருதன்மைத்தன்று என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். அகப்பாடல்களில் மெலிவு பிரிவின் அடையாளம். தலைவியின் தோள் மெலிவதும் வளை கழல்வதும் அவளது உள்ளத்து நிலையைப் புலப்படுத்தும். திருக்குறளின் 124ஆம் அதிகாரமாகிய 'உறுப்புநலனழிதல்' இப்பொருளையே பேசுகின்றது. ஆங்கு மெலிந்த உடல் நகைப்புக்குரியதன்று. அது ஒருவகை மொழி.

காரைக்கால் அம்மையார் வரலாறு மற்றொரு நிலையைக் காட்டுகின்றது. கணவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் அவர். பொலநறுவையிற் கிடைத்து இன்று கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள அவரது வெண்கலத் திருவுருவத்தை நோக்குவோர், விலா எலும்பு தெரியும் அவ்வுடலில் இரக்கத்துக்கோ எள்ளலுக்கோ இடமின்மையை உணர்வர். தாளமேந்திய அம்முகத்தில் ஒரு நிறைவு உண்டு. பெண்ணுடல் பிறர் நோக்குக்காகவே அமைந்தது என்ற கருத்தை மறுத்த உடல் அது.

உருவத்தைக் கண்டு ஒருவரை இகழலாகாது என்று வள்ளுவரும் 667ஆம் குறளிற் கூறியுள்ளார். பெருந்தேருக்குச் சிறிய அச்சாணி உதவுவதை அவர் எடுத்துக்காட்டுவார். மேடைகளிற் பெரிதும் எடுத்தாளப்படும் இக்குறளிலும் ஆராய வேண்டிய ஒன்று உண்டு. குறள் இடம்பெறும் அதிகாரம் வினைத்திட்பம். எனவே அச்சாணி மதிக்கப்படுவது அதன் பயன் கருதியே. பயன்பட முடியாத நோயாளியின் மெலிந்த உடலுக்கு மதிப்பு யாது? இவ்வினாவுக்கு அச்சாணி உவமை விடை தராது. மனித உடலின் மதிப்பை அதன் பயனிலிருந்து பிரித்து நோக்கும் சிந்தனை பிற்காலத்தின் தேவையாகும்.

3

தமிழ்ச் சினிமாவில் மெலிந்த ஆணுடல் நகைச்சுவைப் பாத்திரத்துக்கு ஒதுக்கப்பட்டது. இதற்குச் சிறந்த சான்று நாகேஷ். மெலிந்த மேனியும் அம்மைத் தழும்பு படிந்த முகமும் கொண்ட அவர், கதாநாயக இலக்கணத்துக்குப் புறம்பானவராகவே கருதப்பட்டார். எனினும் அவரை நடுநாயகமாகக் கொண்டு உருவான இரு படங்கள் இவ்விலக்கணத்தின் உள்முரண்பாட்டை வெளிக்கொணர்ந்தன.

கே. பாலசந்தர் எழுத்தில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' அவற்றுள் ஒன்று. உணவு விடுதிப் பணியாளன் சுந்தரம் ஒரு பெண்ணை விரும்புகின்றான். அவளும் தன்னை விரும்புவதாக மயங்குகின்றான். நண்பனின் உதவியால் சினிமாவில் நுழைந்து நகைச்சுவை நடிகனாகப் பெரும் புகழடைகின்றான். ஆனால் அப்பெண்ணின் காதல் நண்பன்மீதே என்பதைப் பின்னரே அறிகின்றான். இறுதியில் புகழைத் துறந்து பழைய பணிக்கே திரும்புகின்றான். மக்கள் அவனைக் கண்டு சிரிக்கப் பணம் கொடுப்பர். அவனைக் காதலுக்குரியவனாகக் காணமாட்டார். சிரிப்புப் பண்டமாக விற்கப்படும் உடலுக்குச் சந்தையில் விலை உண்டு, வாழ்வில் இடமில்லை என்பதே அப்படத்தின் உட்பொருள். படத்தின் கண்ணீர் இவ்வுண்மையை ஓரளவு மூடிவிடுகின்றதெனினும், உண்மை அழிந்துபடவில்லை.

1968இல் பாலசந்தர் இயக்கிய 'எதிர்நீச்சல்' இன்னும் ஒருபடி செல்கின்றது. மாடிப்படியின் கீழ்க் குடியிருந்து, குடித்தனக்காரருக்கு ஏவல் செய்து, அவர்கள் தரும் உணவில் வயிறு வளர்த்துப் படிக்கும் அநாதை மாது. இங்கு மெலிவின் காரணம் மறைக்கப்படவில்லை. அது பசி. நகைப்பு எழும்போதே அந்நகைப்பின் அடியிற் பசி இருப்பதைப் பார்வையாளர் உணர்கின்றனர்.

பின்வந்த காலத்தில் இவ்வுணர்வு தேய்ந்தது. நாடகமொன்றில் ஏற்ற பாத்திரத்தின் பெயராலே அறியப்பட்ட ஓமக்குச்சி நரசிம்மன், 2009இல் மறையும்வரை பல படங்களிற் பெரும்பாலும் சிறு பாத்திரங்களிலேயே தோன்றினார். அவர் திரையில் வந்தவுடனே சிரிப்பு எழ வேண்டும் என்பதே பல காட்சிகளின் எதிர்பார்ப்பு. பசியென்ற காரணம் நீக்கப்பட்டு, உடல் மட்டும் எஞ்சி நின்றது. நடிகரின் பெயர் ஒல்லியான எவரையும் சுட்டும் பொதுப்பெயராயிற்று. குள்ளம், பருமன், கருமை, வழுக்கை ஆகியனவும் இவ்வாறே நகைச்சுவைக் காட்சிகளின் மலிவான மூலப்பொருள்களாயின. இவற்றில் நடித்த கலைஞரின் திறமையைக் குறைகூறுதல் எமது கருத்தன்று. அவர்களுக்கு வேறு பாத்திரங்களை வழங்காத தொழின்முறையே ஈண்டுக் குற்றஞ்சாட்டப்படுகின்றது.

2002இல் 'துள்ளுவதோ இளமை', 2003இல் 'காதல் கொண்டேன்' ஆகிய படங்கள் மூலம் தனுஷ் கதாநாயகரானமை ஒரு திருப்பம் எனலாம். அந்நாளில் தமது தோற்றம் எள்ளப்பட்டதை அவரே பிற்காலத்திற் பொதுவிற் கூறியுள்ளார். 'காதல் கொண்டேன்' படத்தின் நாயகன் குழந்தைப் பருவத்தில் அடிமைபோல் உழைக்க வைக்கப்பட்டவன். அவனது மெலிவு ஒரு சமூகக் கொடுமையின் தடயம். ஆயினும் அடுத்த சில ஆண்டுகளில் அதே மெலிந்த உடல் பலரை ஒருங்கே வீழ்த்தும் வீர உடலாக மாற்றப்பட்டது. மெலிந்தவன் மதிப்புப் பெற வேண்டுமாயின் தடியனை அடித்துக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையே இங்கும் தொக்கி நிற்கின்றது.

4

பெண்ணுடலைப் பொறுத்தவரை நிலைமை வேறுபட்டது. ஆணின் மெலிவு நகைப்புக்குரியதாக, பெண்ணின் மெலிவு ஒரு கட்டளையாகின்றது. ஆனால் அக்கட்டளையின் எல்லை ஓயாது மாறுகின்றது. சற்றுப் பருத்தாலும் பழி. சற்று மெலிந்தாலும் பழி.

நடிகை சாவித்திரியின் வாழ்வு இதற்குத் துயரமான சான்று. அவர் பருத்தபோது அதுவே பேச்சாயிற்று. ஏறத்தாழ 19 மாதங்கள் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பர் 26இல் அவர் மறைந்தார். அக்காலத்து உருக்குலைந்த மேனியின் படங்கள் இன்றும் இரக்கத்தின் பெயராற் பரிமாறப்படுகின்றன. நோயுற்ற ஒருவரின் உடலை அவரது இசைவின்றிக் காட்சிப்பொருளாக்குவது இரக்கமாகாது. அவரது வாழ்வை 2018இல் வெளிவந்த 'நடிகையர் திலகம்' படத்தில் நடித்துத் தேசிய விருது பெற்றவர் கீர்த்தி சுரேஷ். அதன் பின்னர் அவர் உடல் மெலிந்தபோது, பொலிவிழந்துவிட்டாரெனச் சமூக ஊடகங்களில் எள்ளப்பட்டமை ஒரு முரண்நகை.

2025 நவம்பரிற் சென்னையில் நடந்த நிகழ்ச்சி இவ்வரலாற்றில் ஒரு மாற்றத்தைக் காட்டுகின்றது. தமது உடல் நிறை பற்றிப் படத்தின் கதாநாயகனிடம் கேள்வி கேட்ட யூடியூப் செய்தியாளர் ஒருவரை, பத்திரிகையாளர் சந்திப்பொன்றில் நடிகை கௌரி கிஷன் நேருக்கு நேர் எதிர்த்தார். அக்கேள்விக்கும் படத்துக்கும் என்ன தொடர்பென அவர் வினவினார். அவர் எழுப்பிய குரலுக்குத் திரையுலகில் ஆதரவு பெருகியது. மேடையில் உடனிருந்தோர் வாளாவிருந்தனர் என்ற கண்டனமும் எழுந்தது. ஒருவரின் உடல் பற்றி அவரையன்றி வேறொரு ஆணிடம் வினவுவது, அவ்வுடல் யாருக்குரியது என்ற கேள்விக்கான பழைய விடையைப் புலப்படுத்துகின்றது. எதிர்த்துப் பேசியவர் அவ்விடையையே நிராகரித்தார்.

5

தொடர்புச் சாதனங்களுக்கு இத்துணை வலிமை உண்டோ என ஐயுறுவோர் பிஜித் தீவில் நிகழ்ந்த ஆய்வை நோக்கலாம். அங்கு பருத்த மேனியே செழுமையின் அடையாளமாகப் போற்றப்பட்டு வந்தது. நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அன் பெக்கரும் அவர்தம் குழுவினரும் பள்ளி மாணவியரிடையே அவ்வாண்டிலும் 1998இலும் ஆய்வு நடத்தினர். உணவு பற்றிய கோளாறான மனப்பாங்கைச் சுட்டும் மதிப்பெண் பெற்றோர் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்திருந்தனர். உடல் மெலிய வேண்டித் தாமாகவே வாந்தி எடுப்போர் முன்னர் ஒருவரும் இலர், பின்னர் 11.3 சதவீதத்தினர். ஒரு தலைமுறையன்று, மூன்றே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

பிஜியின் அனுபவத்தை இலங்கைக்கு அப்படியே பொருத்துதல் தவறாகும். இலங்கையில் 1979இற் தொலைக்காட்சி தொடங்கியது. 1982இல் ரூபவாஹினி வந்தது. 1990களில் தமிழகச் செய்மதித் தொலைக்காட்சிகளும், அண்மைக்காலத்திற் கைத்தொலைபேசியும் பரவின. எமது நாட்டின் சிறப்பியல்பு யாதெனில், இங்கு மெலிவு விரும்பியும் வருகின்றது, விரும்பாமலும் வருகின்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 15.1 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையற்றோர், 20.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற நிறையற்றோர். 2022இல் நாடு பொருளாதார வீழ்ச்சியுற்றபோது எரிபொருளின்றிப் படகுகள் கரையில் நின்றன. உணவு விலை ஏறியது. இத்தகைய நாட்டில் ஒரே திரை, ஒரே மாலையில், மெலிந்த நாயகியைப் போற்றி, மெலிந்த ஏழையை நகைக்கின்றது. இடையிடையே உடல் மெலியவும் உடல் தேறவும் பண்டங்களை விளம்பரம் செய்கின்றது. போற்றுதலும் தூற்றுதலும் எதிர்நிலைகளல்ல. தன் உடல்மீது அதிருப்தியுற்ற மனிதன் நல்ல நுகர்வோன். அவ்வதிருப்தியை இரு வழியாலும் உற்பத்தி செய்வதே அச்சந்தையின் தேவை.

சில நாடுகள் சட்டத்தால் இதனைத் தடுக்க முயன்றுள்ளன. 2012இல் இஸ்ரேல் மிக மெலிந்த விளம்பர அழகியரைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது. பிரான்சில் 2017 முதல், உடலமைப்பை மாற்றித் திருத்திய விளம்பரப் படங்களில் அதனைக் குறிப்பிடுதல் கட்டாயமாயிற்று. இவை பயனுள்ளவையே. எனினும் படத்தைத் திருத்துவதைத் தடுக்கும் சட்டம், பசியால் மெலிந்த உடலைக் கண்டு சிரிக்கும் மனத்தைத் திருத்தாது.

6

ஈண்டு முற்போக்காளராகிய நாம் நம்மையும் விசாரித்தல் நேர்மையாகும். எமது சிறுகதைகளிலும் கவிதைகளிலும் தொழிலாளி என்றால் எலும்புந் தோலுமாயிருப்பான். முதலாளி என்றால் தொந்தி பருத்திருப்பான். கேலிச்சித்திரங்களிலும் இவ்வாய்பாடே ஆட்சி செய்தது. வர்க்க முரண்பாட்டை உடலளவாற் காட்டும் இவ்வுத்தி ஒரு காலத்திற் பயன்பட்டிருக்கலாம். ஆனால் சுரண்டல் என்பது உற்பத்தி உறவு; அது வயிற்றின் சுற்றளவன்று. இன்று மலிவான மாவும் சீனியும் எண்ணெயும் உண்டு பருத்துத் துன்புறும் ஏழையரும் உளர். உடற்பயிற்சிக் கூடத்திற் பணம் செலுத்தி மெலியும் செல்வரும் உளர். வாய்பாடு பொய்த்துவிட்டது.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. மெலிந்த தொழிலாளியை இரக்கத்துக்குரிய சின்னமாக மட்டும் தீட்டியபோது, அவனது திறனையும் பெருமிதத்தையும் நகைச்சுவை உணர்வையும் நாம் பறித்தோம். வெகுசனச் சினிமா அவனைச் சிரிப்புப் பொருளாக்கியது. நாம் அவனைக் கண்ணீர்ப் பொருளாக்கினோம். இரண்டிலும் அவன் பேசவில்லை. நீரோட்டத்தைக் கணித்து வலை வளைப்பவனின் அறிவு அவன் விலா எலும்பை எண்ணுவோருக்குப் புலப்படாது.

7

இதுகாறும் நோக்கியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். மெலிந்த உடலை எள்ளுதல் தனிமனிதப் பண்பாட்டுக் குறை மட்டுமன்று. பசியின் காரணத்தை மறைத்துப் பசித்தவனைக் குற்றவாளியாக்கும் ஒரு கருத்துநிலை. மெலிந்த உடலை வழிபடுதலும் அதன் மறுபக்கமே. எனவே 'எவரையும் கேலி செய்யாதீர்' என்ற அறவுரையோடு எமது விமரிசனம் அமைந்துவிடலாகாது. மெலிவு எங்கிருந்து வந்தது, அதனால் இலாபம் அடைவோர் யாவர் என்ற வினாக்களையும் அது எழுப்ப வேண்டும்.

கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையைத் தராசில் இடுவதும் ஓர் அளவீடே. தொலைக்காட்சி நடுவர் உடலை அளப்பதும் ஓர் அளவீடே. முன்னையது அப்பிள்ளைக்கு உணவு சேர்க்கவேண்டி அளப்பது. 1973 முதல் இந்நாட்டில் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா போன்ற சத்துணவுத் திட்டங்களின் அடிப்படை அதுவே. பின்னையது பிள்ளையை வரிசைப்படுத்தவேண்டி அளப்பது. எள்ளல் மிகுமிடத்து முன்னைய அளவீடும் பழுதுபடும். நிறை குறைந்த பிள்ளை நாணித் தராசைத் தவிர்க்கும். தாய் தன் வளர்ப்புக் குறையாகிவிடுமோவென அஞ்சி மறைப்பாள். கேலிச்சொல் உடலையும் வருத்துவது இவ்வாறே.

சல்லிக் கரையில் நெத்தலி மீண்டும் நெத்தலியாகவே இருக்கட்டும். விலை பெறும் மீனாகவும், பிள்ளைகளின் எலும்புக்கு வலுவூட்டும் உணவாகவும் இருக்கட்டும். அது எந்தப் பிள்ளையின் பெயராகவும் இருக்க வேண்டியதில்லை. அந்நிலையை உருவாக்குவதில் எழுத்தாளர், ஆசிரியர், ஊடகவியலாளர் ஆகியோருக்குள்ள பொறுப்பு சிறிதன்று.