வட்டார வழக்கும் வாசகரும்: ‘தலைமுறைகள்’ எழுப்பும் ஒரு சிக்கல்

தன் மண்ணின் மொழிக்கு உண்மையாக இருப்பதா, அம்மொழியை அறியாத வாசகருக்கு விளங்க எழுதுவதா என்னும் வினா வட்டார நாவலாசிரியர் அனைவருக்கும் உரியது. கொங்கு வழக்கைக் கையாண்ட ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) முதற்கொண்டே இவ்வினா தொடர்கிறது. திருவனந்தபுரம் எழுத்தாளராகிய நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இதனை மேலும் கூர்மையாக்குகிறது. இரணியல் செட்டியார் சமூகத்தின் பேச்சுவழக்கில் அமைந்த நாவல் இது.

வழக்குச் சொற்களின் எண்ணிக்கையே உண்மைத்தன்மைக்கு அளவுகோல் என்று கருதுவோர் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று. எந்த எழுத்தாளரும் பேச்சை ஒலிப்பதிவுபோல் பெயர்த்தெழுதுவதில்லை. தமிழ் எழுத்துமுறையும் அதற்கு இடந்தருவதில்லை. அவர் செய்வது தேர்வு. அத்தேர்வு யாருடைய பார்வையிலிருந்து நிகழ்கிறது என்பதே நோக்கத்தக்கது. ஒரு சொல் வெளியூர் வாசகரின் வியப்புக்காக வைக்கப்பட்டால் அது அலங்காரம். கதைமாந்தரின் வாழ்வு அச்சொல்லின்மேல் நின்றால் அது மொழி.

இந்நாவலில் ‘இருசி’ என்னும் சொல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. கணவன் இப்பழியைச் சுமத்தி மனைவி நாகம்மையைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுகிறான். தம்பி திரவி அதனை எதிர்த்துப் போராடுகிறான். ‘பூப்படையாத பெண்’ என்று பொதுத்தமிழில் பொருள் கூறலாம். ஆயின் பொருள் கூறும் தொடர் ஓர் உடல்நிலையை விவரிக்கிறது. ‘இருசி’யோ தீர்ப்பு வழங்குகிறது. அகராதிப் பொருள் ஒன்றாயினும் சொல்லின் செயல் வேறு. ஊராரின் வாயில் அச்சொல் என்ன செய்கிறது என்பதைக் கதையே உணர்த்துவதால், இரணியலை அறியாத வாசகரும் அதன் கொடுமையை அறிகிறார். வாசகருக்காக மொழியை நீர்க்கச் செய்யாமல், மொழியை நோக்கி வாசகரை வரச்செய்யும் முறை இது.

மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் பாடம் உண்டு. க.நா. சுப்ரமண்யம் இந்நாவலை ஆங்கிலத்தில் தந்துள்ளார். இத்தகைய படைப்புகளைப் பெயர்ப்போர் எல்லா வழக்குச் சொற்களையும் காக்க இயலாது. கதையின் சுமையைத் தாங்குவன எவை, சூழலை மட்டும் காட்டுவன எவை எனப் பகுத்தறிதலே முதற்பணி. பின்னவற்றை இழக்கலாம். முன்னவற்றை அடிக்குறிப்புக்கு அனுப்பினால், பொருள் எஞ்சும், பழி மறையும். நாகம்மைக்கு இழைக்கப்பட்ட அநீதியும் அத்துடன் மங்கிவிடும்.