ஒரு சிற்றரசரின் அடக்க ஆராதனை

முப்பதாண்டுப் போர் (1618–1648) ஜெர்மானிய நாடுகளைச் சீரழித்துக்கொண்டிருந்த நாட்களில், தூரிங்கியப் பகுதியின் ரொய்ஸ் என்னும் சிறு நாட்டை ஆண்ட ஒருவர் தமது மரணத்திற்கு ஆயத்தமானார். அவர் பெயர் ஹைன்ரிக் போஸ்தூமுஸ். அக்குலத்தில் ஆண்மக்கள் யாவரும் ஹைன்ரிக் என்றே அழைக்கப்பெற்று, எண்களால் வேறுபடுத்தப்பட்டனர். இவரோ, தந்தை இறந்தபின் 1572இல் பிறந்தவராதலால், அந்த அடைமொழியைப் பெற்றார். தம் சவப்பெட்டியைத் தாம் வாழும்போதே செய்வித்து, அதன்மேல் தாமே தெரிந்துகொண்ட திருமறை வசனங்களையும் ஞானப்பாட்டுகளின் அடிகளையும் பொறிக்கச் செய்தார். 1635 டிசம்பரில் அவர் காலமானார். அவ்வசனங்களுக்கு இசையமைத்தவர், அந்நாட்டின் கெஸ்ட்ரிட்ஸ் என்னும் ஊரில் 1585இல் பிறந்த ஹைன்ரிக் ஷூட்ஸ். 1636 பிப்ரவரியில் கேரா நகரில் நடைபெற்ற அடக்க ஆராதனைக்கென உருவான அப்படைப்பே ‘மூசிகாலிஷே எக்ஸெக்வியன்’.

இங்கு ஒரு வினா எழுகின்றது. இது விசுவாசியின் தாழ்மையா, அரசரின் தற்பெருமையா? 1555ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் சமாதான உடன்படிக்கைக்குப்பின் நாட்டின் சமயத்தைத் தீர்மானிக்கும் உரிமை ஆட்சியாளருக்கு இருந்தது. லூத்தரன் நாடுகளில் திருச்சபையின் நிர்வாகமும் அவர் கையிலேயே இருந்தது. அத்தகையவரின் அடக்கம் அரசியல் நிகழ்ச்சியும் ஆகும். போரினாலும் கொள்ளைநோயினாலும் எளியோர் பலர் பாட்டின்றிப் புதைக்கப்பட்ட காலத்தில் இவருக்கு மட்டும் இத்துணை இசை ஏன் என்று கேட்பது தவறன்று.

படைப்பையே நோக்குவோம். முதற்பகுதி யோபு 1:21இன் அறிக்கையோடு தொடங்குகின்றது. வெறுங்கையாய் வந்தவன் வெறுங்கையாய்ப் போகிறான் என்பதே அரசரின் அடக்கத்தில் முதலிற் கேட்கும் சொல். திருமறை வசனங்களைச் சில தனிக்குரல்கள் பாட, ஞானப்பாட்டுகளை முழுப் பாடகர் குழுவும் பாடுகின்றது. தனி மனிதரொருவர் தம் பெட்டிமேல் எழுதுவித்த சொற்களை ஷூட்ஸ் சபையின் வாயில் வைத்துவிடுகிறார். பாடப்படும் சொற்களில் அரசரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பிரசங்க வசனமாகிய சங்கீதம் 73:25, 26ஐ அமைத்த இரண்டாம் பகுதியிலும் அவ்வாறே.

எனினும் மூன்றாம் பகுதியில் நம் ஐயம் மீண்டும் தலைதூக்குகின்றது. ஒரு குழு சிமியோனின் பாட்டைப் பாடுகின்றது. தொலைவில் நிற்கும் மூவரோ, வெளிப்படுத்தல் 14:13இன் சொற்களைப் பாடுகின்றனர். அவருள் இருவர் சேராபீன்கள். தாழ்ந்த குரலில் பாடும் மூன்றாமவர் ‘பாக்கியம்பெற்ற ஆத்துமா’. இறந்த அரசரை அரண்மனை தானே பரலோகத்தில் அமர்த்திவிட்டது என்று குறை கூறலாமன்றோ?

ஆனால், ஷூட்ஸ் தம் முன்னுரையில் தரும் ஒரு குறிப்பு சிந்திக்கத்தக்கது. இச்சிறு குழுவைப் படியெடுத்து, ஆலயத்தின் வெவ்வேறு இடங்களில் நிறுத்தலாம் என்கிறார். இசையின் பொலிவைக் கருதியே அவர் இதைச் சொன்னார். ஆயினும் இதன் இறையியல் விளைவு பெரிது. பல இடங்களிலிருந்து பாக்கியம்பெற்ற ஆத்துமாக்களின் குரல் எழும்பும்போது, அது ரொய்ஸ் அரசர் ஒருவருக்கே உரியதாக நில்லாது. கர்த்தருக்குள் மரிக்கிறவர்களைப் பற்றிப் பன்மையிலேயே பேசும் வசனத்திற்கு இதுவே ஏற்ற விளக்கம்.

ஆகவே, இப்படைப்பின் பிறப்பில் அரசரின் செல்வாக்கு உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அச்செல்வாக்கு இசையின் உட்பொருளை ஆளவில்லை. ரொய்ஸ் குலத்தின் ஆட்சி 1918இல் முடிவுற்றது. அப்பாட்டோ, அரசர் யாரென்று அறியாதோர் வாயிலும் இன்று ஒலிக்கின்றது.

அடக்க ஆராதனை நடத்தும் போதகர்கள் இதனை உன்னுதல் நன்று. மரித்தவரின் பதவியும் கொடையும் விரிவாய்ப் பேசப்பட்டு, திருவசனம் ஒரு மூலையில் நிற்குமாயின், அங்கே நாம் பெயரைப் புதைக்க மறந்து, நம்பிக்கையைப் புதைத்துவிடுகிறோம்.