விற்கிற அரிசி, உண்கிற அரிசி

சமூக நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. வாசிக்கலாம். நாட்டுப்புறக் கதைகளைப்போல அவற்றுக்கும் ஒரு மாறாத கட்டுமானம் உண்டு. கடனில் மூழ்கிய விவசாயி, இடைத்தரகன் என்ற வில்லன், நகரத்து வேலையை உதறிவிட்டு வரும் படித்த இளைஞர், ஒரு புது விதை. கடைசியில் வருமானம் இத்தனை மடங்கு கூடியது என்று ஓர் எண்ணும், சிரிக்கிற விவசாயியின் புகைப்படமும். இந்தக் கதையின் கிளைமாக்ஸில் தவறாமல் வரும் சொல் 'தற்சார்பு'. அந்தச் சொல்லோடுதான் எனக்குப் பிரச்சினை.

தாய்லாந்தை எடுத்துக்கொள்வோம். 2011இல் தொடங்கப்பட்ட சியாம் ஆர்கானிக் என்ற நிறுவனம், நாட்டின் வடகிழக்கான ஈசானில் சிறு விவசாயிகளைக் கொண்டு ஜாஸ்பெரி என்ற கருஊதா அரிசியை இயற்கை முறையில் விளைவிக்கிறது. சந்தை விலைக்கு மேல் கொடுத்து நெல்லை வாங்கி, ஆரோக்கிய உணவு தேடும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறது. இதைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கில்லை. ஒரு குடும்பத்துக்கு நாலு காசு கூடக் கிடைத்தால் அது நிஜமான நாலு காசுதான். பூச்சிமருந்து அடிக்காத வயலில் இறங்கி நிற்பவரின் காலுக்கும் நல்லது. ஆனால் இதற்குப் பெயர் தற்சார்பா?

ஈசானின் வயல்களில் பெரும்பாலானவை மழையை நம்பியவை. வருஷத்துக்கு ஒரு போகம். அங்கே விளைவது இரண்டு அரிசி. பசையரிசியைப் பத்தாயத்தில் போட்டு வைத்துக்கொள்வார்கள். மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, கையால் உருட்டிச் சாப்பிடுகிற அவர்களுடைய சோறு அதுதான். உலகமே தாய்லாந்து அரிசி என்று கொண்டாடும் மல்லிகை அரிசி, 1959இல் அரசு அங்கீகரித்த காவ் டாக் மாலி 105, பெரும்பாலும் விற்பதற்கு. ஒன்று வயிற்றுக்கு, ஒன்று கடனுக்கு என்று சொல்லிவிடலாம். சமூக நிறுவனத்தின் கதை முழுக்க இரண்டாவது அரிசியைப் பற்றியது. முதல் அரிசி அதில் வருவதே இல்லை. பத்தாயத்தில் எத்தனை மாசத்துக்கு நெல் இருக்கிறது என்பதைவிட தற்சார்புக்கு வேறென்ன அளவுகோல் இருக்க முடியும்?

சரி, வெல கூடினா நல்லதுதானே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாய்லாந்தின் நில அளவு ராய். இரண்டரை ராய் சுமாராக ஒரு ஏக்கர். பத்து ராய் வைத்திருப்பவருக்கு ராய்க்கு 350 கிலோ விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் மூன்றரை டன். டன்னுக்கு 5,000 பாட் கூடுதலாகக் கிடைத்தால் கையில் 17,500 பாட். முப்பது ராய்க்காரருக்கு அதே ஏற்பாட்டில் 52,500. குத்தகைக்கு எடுத்தவர் விளைச்சலில் பாதியை வாரமாக அளந்தால் அவருக்கு நிற்பது 8,750. கூடுதல் விலை நிலத்தின் பின்னால்தான் போகும். நிலமில்லாதவன் வீட்டுக்கு அது வழி கேட்டு வராது. 'ஏழை விவசாயி' என்று ஒரே சொல்லில் இந்த மூன்று பேரையும் கட்டிப்போடுவதுதான் இந்தக் கதைகளின் பெரிய தந்திரம். தந்திரம் என்பது கடுமையான சொல்லோ என்னவோ. சௌகரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சாதா நெல்லை எந்த ஆலையிலும் கொண்டுபோய்க் கொட்டலாம். விலை அடிமாட்டு விலையாக இருக்கலாம், ஆனால் நாலு ஆலைக்காரர்கள் இருப்பார்கள். கருஊதா நெல்லை ஊர் ஆலைக்காரர் தன்னுடைய வெள்ளை அரிசியோடு கலக்க முடியாது. வாங்க ஓர் ஆள்தான். அந்த ஓர் ஆள் நல்லவராக இருக்கும்வரை சரி. வெளிநாட்டில் ரசனை மாறி அடுத்த வருஷம் வேறு தானியம் மோஸ்தரானால்? தரகர்கள் பலரை விட்டு ஒரு நல்ல தரகரிடம் வந்து சேர்ந்ததைத்தான் தற்சார்பு என்கிறோம்.

இதே 2011இல் யிங்லக் அரசு சாதா நெல்லுக்கு டன்னுக்கு 15,000 பாட், மல்லிகை நெல்லுக்கு 20,000 பாட் என்று சந்தையைவிட மிக உயர்ந்த விலை வைத்து வாங்க ஆரம்பித்தது. கிடங்குகள் நிரம்பின, ஊழல் புகார் எழுந்தது, 2014 தொடக்கத்தில் நெல்லைக் கொடுத்துவிட்டுப் பணம் வராத விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள், மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்தத் திட்டம் மோசமாக நடந்தது என்பதை மறுக்கவில்லை. என் வியப்பு வேறு. அரசு நெல் விலையை ஏற்றினால் அது ஓட்டுக்காகப் போட்ட பிச்சை, விவசாயி கெட்டுப்போவான். நிறுவனம் ஏற்றினால் அவன் தன் காலில் நிற்கிறான். கொடுப்பது ஒன்றேதான், கொடுக்கிற கைக்குத் தகுந்தாற்போல வாங்குகிறவனின் குணமே மாறிவிடுகிறது.

1997 நெருக்கடியின்போது மன்னர் பூமிபோல் டிசம்பரில் ஆற்றிய உரைக்குப் பிறகு 'போதுமென்ற பொருளாதாரம்' தாய்லாந்தில் அரசாங்கத் தத்துவமானது. ('போதும்' என்பதற்கான தாய்ச் சொல் 'போ'. நம்முடைய சொல் மாதிரியே ஒலிக்கும், உறவு ஏதுமில்லை.) போதும் என்று இருக்கும்படி யார் யாருக்குச் சொல்வது என்ற கேள்வியை அங்கே உரக்கக் கேட்பது சிரமம். ஆனால் அந்தச் சொல்லை நிஜமாகவே நம்பிய ஓர் ஊர் இருந்தது. ஈசானின் யசோதோன் மாகாணத்திலுள்ள குட் சும். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே அங்குள்ள விவசாயிகள் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அரிசி ஆலை வைத்தார்கள். உமியும் தவிடும் குருணையும் யாருக்குப் போகிறது என்பது ஆலை வைத்த பிறகுதான் தெரியும். பிறகு, 2000 மார்ச்சில் ஐந்து கிராமங்கள் சேர்ந்து 'பியா' என்று ஒரு நாணயத் தாளை வெளியிட்டன. பியா என்றால் சோழி, சயாமின் பழைய காசு. ஊருக்குள் விளைந்ததை ஊருக்குள்ளேயே மாற்றிக்கொள்ள. பாட்டாக மாற்ற முடியாது. மத்திய வங்கி உடனே விழித்துக்கொண்டது. நாணயச் சட்டத்துக்கு விரோதமாகலாம் என்று சொல்லி நிறுத்தவைத்தது. பின்னால் அது 'பூன்' என்று பெயர் மாறி வந்தது. நம்முடைய புண்ணியம்தான், பாலி வழியாகப் போனது. காசாக இருக்கக்கூடாது, புண்ணியமாக இருக்கலாம்! இந்தப் பெயர்மாற்றத்தை ஒரு சிறுகதையில் எழுதியிருந்தால் ரொம்பவும் செயற்கை என்று சொல்லியிருப்பேன்.

தற்சார்பைப் பற்றி நான் பார்த்தவற்றில் நேர்மையான படைப்பு உருபோங் ரக்சசாத் 2009இல் எடுத்த 'அக்ரேரியன் யுடோபியா'. களம் ஈசான் இல்லை, வடக்கே அவருடைய சொந்த மாகாணமான சியாங் ராய். கடனால் சொந்த நிலம் கைவிட்டுப்போகும் நிலையில் இருக்கும் இரண்டு குடும்பங்கள், வேறொருவர் நிலத்தில் எருமை கட்டி உழுது ஒரு போகம் எடுக்கின்றன. வயலிலும் புதரிலும் அகப்பட்டதைப் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் சேற்றில் புரள்கின்றன. பக்கத்தில் இயற்கை விவசாயம் செய்கிற ஒருவர் அருமையாகப் பேசுகிறார். அவர் சொல்வதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, கடன்காரனுக்கு அதைக் கேட்க நேரம்தான் இல்லை. ஒளிப்பதிவு அத்தனை அழகு. சில இடங்களில் அழகு கொஞ்சம் அதிகம்தான், நெல் காற்றில் ஆடும்போது கடன் மறந்துபோகிறது. ஆனால் படம் மறப்பதில்லை. நல்ல விளைச்சலுக்குப் பிறகும் எண்கள் கூடிவரவில்லை. நிலமும் கைமாறப்போகிறது, குடும்பங்கள் கிளம்ப வேண்டும்.

எருமை கட்டி உழுகிற வயல் அப்போதே அங்கே அரிதாகிவிட்டிருந்தது. அதனால் ரக்சசாத் தானே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அந்தக் குடும்பங்களை ஒரு வருஷம் விவசாயம் செய்யவைத்துத்தான் இதைப் படமாக்கினார். ஒரு வகையில் அதுவும் சின்ன சமூக நிறுவனம்தான். படப்பிடிப்பு முடிந்ததும் குத்தகையும் முடிந்தது.