யார் மறந்த சொற்கள்?

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைத் திரட்டித் தரும் நூல்கள் இன்றும் வெளிவந்த வண்ணமே உள்ளன. அவற்றுக்கு வாசகரும் குறைவில்லை. நாமும் அவ்வாசகருள் ஒருவராய் இருந்துள்ளோம் என்பதை மறைப்பதற்கில்லை. புழங்காத சொல்லொன்றை நாவிலே உருட்டிப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு. 'புளொக்சிநோசிநிஹிலிபிலிபிக்கேஷன்' என்றொரு சொல். இருபத்தொன்பது எழுத்துக்கள். ஒன்றை அற்பமென மதித்தல் என்பது பொருள். அற்பத்தைக் குறிக்கும் இலத்தீன் சொற்கள் நான்கினை ஒட்டிப் பதினெட்டாம் நூற்றாண்டிலே படித்தோர் விளையாட்டாகச் செய்தது அது. அச்சொல்லால் ஒரு காரியத்தைப் பேசியவரிலும் அச்சொல்லைப் பற்றிப் பேசியவரே அதிகம். இதனை நாம் வெறுக்கவில்லை. குழந்தையின் கிலுகிலுப்பையை யார் வெறுப்பார்?

ஆயின் இந்நூல்களின் முறை நமக்கு உடன்பாடன்று. சொல்லும் பொருளும் தரப்படுகின்றன. சொல்லை வழங்கிய மனிதன் தரப்படுவதில்லை. 'அல்ற்றாகிறெபிடேரியன்' என்பதை எடுத்துக்கொள்வோம். தன் அறிவுக்கு அப்பாற்பட்டதைப் பற்றித் தீர்ப்புக் கூறுபவன் என்று பொருள் எழுதி மேலே சென்றுவிடுவர். ஓவியன் அப்பெலிஸ் தீட்டிய படத்திலே செருப்பின் பிழையைச் சுட்டிய செம்மான், மறுநாள் காலையும் குறைகூற முற்பட்டபோது, செருப்புக்கு மேலே போகாதே என அடக்கப்பட்ட பழங்கதையினின்று பிறந்த சொல் இது. 1819இல் வில்லியம் ஹாஸ்லிற், 'குவாட்டர்லி றிவியூ' ஆசிரியர் வில்லியம் கிபோட்டுக்கு எதிராக இதனை எறிந்தார். கிபோட் யார்? இளமையிலே பெற்றோரை இழந்து, செம்மான் ஒருவரிடம் தொழில் பழகவிடப்பட்டவர். தாள் வாங்க வழியின்றி, தோல் துண்டுகளின் மேல் ஊசியாற் கீறிக் கணிதம் பயின்றவர். பிறர் உதவியால் ஒக்ஸ்போர்ட் சென்று, ஈற்றில் ஆளும் வர்க்கத்தின் பத்திரிகைக்குத் தலைமை தாங்கி, சீர்திருத்தம் வேண்டிய எழுத்தாளரை வதைத்தார். ஹாஸ்லிற்றின் கோபம் நியாயமானதே. எனினும் 1823இல் லீ ஹன்ற் இதே சொல்லைத் தலைப்பாக்கி அங்கதப் பாட்டு எழுதியபோது, நகைப்புக்கு இடமாகியது செருப்பே. கிபோட்டின் குற்றம் செருப்புத் தைத்தமை அன்று. தைத்த கையாலே அதிகாரத்துக்கு ஏவல் செய்தமைதான். முற்போக்காளர் கையிலும் சில வேளை பிறப்பும் தொழிலும் வசையாகிவிடுகின்றன. இச்செய்தி இல்லாத அச்சொல் வெறும் சக்கை என்போம்.

இனி வேறொரு வகைச் சொல். 'கிளெம்' என்றால் பசியால் வாடுதல். எலிசபெத் காஸ்கல் 1848இல் வெளியிட்ட 'மேரி பாட்டன்' நாவலில் மன்செஸ்ரர் ஆலைத் தொழிலாளர் இச்சொல்லாலேயே தம் நிலையைக் கூறுகின்றனர். கற்றோர் இதனைக் கொச்சை என்பர் என்பதறிந்தே போலும், அடிக்குறிப்பிலே பென் ஜோன்சனின் ஆட்சி சான்றாகக் காட்டப்பட்டுள்ளது. நாடகப் பேராசான் எழுதிய சொல் கனவான்களின் ஆங்கிலத்தில் மறைந்தது. பஞ்சாலைச் சேரியில் மறையவில்லை. பசியும் அங்கே மறையவில்லை. இதனை 'மறந்துபோன சொல்' என்று பட்டியலிடுவோரைப் பார்த்து நாம் வினவ வேண்டியது ஒன்றே: மறந்தவர் யார்?

இவ்வினாவுக்குத் தக்க விடையளித்தவர் ஜோசப் றைற். 1855இல் யோர்க்ஷயரிற் பிறந்தவர். ஆறு வயதிலே கற்சுரங்கத்தில் கழுதை ஓட்டினார். பின்னர் நூலாலையிலே நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றும் சிறுவனானார். பதினைந்து வயதுவரை அவருக்கு எழுத்தறிவு இல்லை. 1901இல் அவர் ஒக்ஸ்போர்டிலே ஒப்பியன் மொழிநூற் பேராசிரியர். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவரது ஆங்கிலக் கிளைமொழி அகராதி, உழவரும் நெசவாளரும் சுரங்கத்தாரும் பேசியவற்றை மாவட்டம் மாவட்டமாகப் பதிந்து வைத்தது. சொல்லின் அருமை அங்கே வியப்புக்குரியதன்று. இன்ன ஊரார் இன்னவாறு வழங்குவர் என்பதே செய்தி. இன்பம் அங்கும் உண்டு. சொல்லப்போனால் கிலுகிலுப்பை இன்பத்திலும் அது நீடித்து நிற்பது.

வேலைக்கிடையே தொழிலாளி உண்ணும் சிற்றுணவுக்கு இங்கிலாந்தில் வழங்கிய பெயர்களைப் பாருங்கள். வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் 'பெயிற்'. நொட்டிங்ஹாம் பக்கத்தில் 'ஸ்னாப்'. கோர்ன்வாலின் தகரச் சுரங்கத்தில் 'கிறிப்'. கிழக்கே சதுப்பு வயல்களில் 'டொக்கி'. முதலாளியின் மேசைக்கு இத்தனை பெயர்கள் தேவைப்படவில்லை. டி. எச். லோறன்ஸ் 1913இல் வெளியிட்ட நாவலில் சுரங்கத் தொழிலாளியான தந்தை 'ஸ்னாப்' பையுடன் வேலைக்குச் செல்வார். பின்னாளிலே பாண் துண்டின் வடிவிலேயே தகரப் பெட்டிகள் அதற்கென அமைந்தன. பிரித்தானியாவின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமாகிய யோர்க்ஷயரின் கெலிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. அரிய சொற்களின் அடுத்த தொகுப்பிலே 'ஸ்னாப்' இடம்பெறக்கூடும். தொகுப்பாளர் அதன் அருகே அத்தகரப் பெட்டியையும் குறிப்பாராயின் நாம் அந்நூலை விலை கொடுத்து வாங்குவோம்.