கொல்லாப் பட்டு: பெயரும் பொருளும்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுத்துக் காட்டினார். காரணப் பெயருக்குக் காரணம் பொய்யாதிருத்தல் வேண்டும். இந்நாளைய வாணிக உலகில் வழங்கும் பெயர்களோ, காரணப் பெயர்போலத் தோன்றி, உற்று நோக்குங்கால் காரணத்தைக் கைவிட்டு நிற்பன பல. ‘அகிம்சைப் பட்டு’, ‘கொல்லாப் பட்டு’ என்பன அவ்வகையின. இவற்றோடு ‘பழங்குடி மக்கள் கையால் நெய்தது’ என்னும் அடையும் சேர்த்துரைக்கப்படுகிறது. பழங்குடியினர் நெய்தது ஆகலின் அது கொலை கலவாதது என்று வாங்குவோர் கொள்கின்றனர். இம்முடிபு பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

பட்டு தமிழருக்குப் புதிதன்று. புகார் நகரத்தில் பட்டு, மயிர், பருத்தி ஆகிய மூவகை இழையாலும் நெய்தோர் இருந்தனர் எனச் சிலப்பதிகாரம் கூறும். ஆயினும் பட்டு பிறக்கும் முறையை அணிவோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மல்பெரி எனப்படும் முசுக்கட்டை இலையைத் தின்று வளரும் புழு, ஏறத்தாழ 1000 மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. உள்ளிருக்கும் உயிர் பூச்சியாகி வெளிவருமாயின் கூட்டைத் துளைத்துவிடும், இழை அறுபடும். ஆதலின் பூச்சி வெளிவருமுன் கூட்டை ஆவியிலோ வெப்பத்திலோ வைத்து உயிரைப் போக்கி, வெந்நீரில் இட்டு இழையை எடுக்கின்றனர். அறாத அவ்விழையே பட்டுக்கு வழவழப்பைத் தருவது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும்.

இக்கொலை சான்றோர் உள்ளத்தை உறுத்தாமல் இல்லை. காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதி, திருமணங்களிலும் பட்டைத் தவிர்க்குமாறு வற்புறுத்தி வந்தார். ஆந்திரக் கைத்தறித் துறை அலுவலராயிருந்த குசும ராஜையா, 1990களில், பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்கும் முயற்சியை மேற்கொண்டார். அகிம்சைப் பட்டு என்னும் பெயர் பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. நோக்கம் நன்று என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு கணக்கு எஞ்சி நிற்கிறது. நெடுங்காலம் மனிதர் வளர்ப்பிலேயே வாழ்ந்துவிட்ட அப்பூச்சிக்குப் பறக்க வலிமையில்லை, உண்ணவும் இயலாது. சில நாளில் மடியுமுன் ஒரு பெண்பூச்சி 300க்கு மேற்பட்ட முட்டைகளை இடும். அவையெல்லாம் பொரித்தால் ஊட்டுதற்கு இலை ஏது? விலக்கிய ஒரு சாவுக்குப் பின்னே பல பட்டினிச் சாவுகள் ஒளிந்து நிற்கக்கூடும். பெயரிட்டோர் இதற்கும் விடை கூறுதல் வேண்டும்.

இனிப் பழங்குடியினர் பட்டை நோக்கலாம். இந்தியாவின் சார்க்கண்டு, சத்தீசுகர், ஒடிசா ஆகிய மாநிலங்களின் காடுகளில் சந்தால், ஹோ முதலிய இனத்தார் மருத மரத்திலும் அதன் இனமரங்களிலும் தசர்ப் புழுவை வளர்க்கின்றனர். திறந்த வெளியில், பறவையும் எறும்பும் கொண்டுபோகாதவாறு அவர்கள் காக்கும் காவல் எளிதன்று. அப்பட்டு பழங்குடியினர் உழைப்பே. ஆயினும் அதன் கூடு மூடிய கூடு. பெரும்பாலும் உயிரைப் போக்கியே இழை எடுக்கப்படுகிறது. ஆகவே ‘பழங்குடி’ என்னும் அடை, ‘கொல்லா’ என்னும் அடையைத் தானே அழைத்து வருவதில்லை.

அசாமிலும் மேகாலயாவிலும் உள்ள ‘எரி’ப் பட்டின் நிலை வேறு. போடோ, ராபா, கார்பி, காசி முதலிய இனத்துப் பெண்கள் இதனை வீட்டிலேயே வளர்த்து நூற்று நெய்கின்றனர். காசி மக்கள் இதற்கு இட்ட பெயர் ‘ரிண்டியா’. இப்புழுவின் சிறந்த உணவு ஆமணக்கு இலை; மரவள்ளி இலையையும் உண்ணும். இதன் கூடு ஒருபுறம் திறந்திருப்பது. இழையும் ஒரே நீளமாக ஓடுவதன்று. பூச்சி தானே வெளியேறினும் கூடு கெடுவதில்லை. பஞ்சைப்போலத் தக்ளியில் நூற்றுக்கொள்ளலாம். கம்பளிபோல் வெம்மை தரும் போர்வை இதனால் அமைகிறது. கொல்லாமலே பட்டு பெறுதற்கு இயற்கையே வாயில் திறந்து வைத்தது போன்றது இது.

ஆயின் வாயில் திறந்திருத்தல் வேறு; அதன் வழியே உயிர் வெளியேறுதல் வேறு. அம்மக்களிற் பலருக்குக் கூட்டுப்புழு விருப்பமான உணவு. கூட்டினின்று புழுவை எடுத்துச் சமைத்து உண்பர். சந்தையில் விற்றும் பொருளீட்டுவர். அடுத்த தலைமுறைக்கு வேண்டிய கூடுகளையே பூச்சியாக விடுவது வழக்கம். கூட்டுக்காக வளர்ப்பதினும் உணவுக்காகவே வளர்ப்பது மிகுதி என்று சொல்லத்தக்க இல்லங்களும் உண்டு. அவ்வில்லத்துப் போர்வை தொலைநாட்டுக் கடையில் ‘கொல்லாப் பட்டு’ என விலைபெறும்போது, கூட்டின் இயல்பு மனிதர் செயலாக மாற்றியுரைக்கப்படுகிறது. பிழை நெய்தவளுடையதன்று. அவள் தன் உணவை மறைத்தவளும் அல்லள். கொல்லாமை நோன்பு பூண்டதாகச் சொன்னவளும் அல்லள். வாங்குவோர் மனநிறைவுக்காக வாணிகர் தம் சொல்லை அவள் ஆடைமேல் ஒட்டினர்.

கொள்வார் உள்ளமையாலேயே கொல்வார் உளர் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வலியுறுத்தினார். அவ்வளவுகோலால் அளந்தால், இழைக்காகவே கொல்லப்படும் முசுக்கட்டைப் பட்டில் வாங்குவோர் பொறுப்பு வெளிப்படை. எரிப் பட்டில் புழு மாள்வது வளர்த்தோர் உணவுக்காக; எனவே பொறுப்பு குறைகிறது. ஆனால் முற்றும் நீங்கவில்லை. கூட்டுக்கும் புழுவுக்கும் வளர்ப்பு ஒன்றே அன்றோ?

ஆதலின் கொல்லாமையை உண்மையாக விரும்புவோர் கேட்கவேண்டிய வினா, ‘இது என்ன பட்டு?’ என்பதன்று, ‘பூச்சி வெளியேறியதா?’ என்பதே. வெளியேற விட்ட குடும்பம் ஒரு வேளை உணவையும் சந்தை வருவாயையும் இழக்கிறது. அவ்விழப்பை ஈடுசெய்யும் விலையைக் கொடுக்க உடன்படாதவர், தம் அறத்தின் செலவை ஏழை நெசவாளர் தலைமேல் ஏற்றுபவரே ஆவர்.

கொடுமை புழுவுக்கு மட்டும் உரியதுமன்று. கருநாடகம், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் பட்டுத் தொழிலில் கடனுக்கு அடிமைப்பட்டு உழைத்த சிறுவர் நிலையை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. இழை எடுக்கும் வெந்நீரில் கைவிட்டுக் கொப்புளம் கண்ட சிறுவரும் அதில் இடம்பெற்றனர். புழு பிழைத்துச் சிறுவன் வாடிய பட்டுக்குக் ‘கொடுமையற்றது’ என்னும் பெயர் எவ்வாற்றானும் பொருந்தாது.

‘எரி’ என்னும் சொல் தமிழில் நெருப்பை நினைவூட்டும். அசாமிய மொழியிலோ அஃது ஆமணக்கின் பெயரினின்று பிறந்தது. அவ்வழி நோக்கின் ‘ஆமணக்குப் பட்டு’ என்பதே தமிழுக்கு ஏற்ற பெயர். அது புழு உண்ட இலையைச் சொல்கிறது. புழுவுக்கு நேர்ந்ததைப் பற்றி உறுதி எதுவும் தரவில்லை. ‘கொல்லா’ என்னும் அடையை, பூச்சி பறந்த கூட்டுக்கும் உழைத்தோர் வயிறு நிறைந்த ஆடைக்கும் உரியதாகக் காத்து வைத்தல் வேண்டும். அவ்வாறு காக்கும்போதே அது காரணப் பெயராக நிற்கும்.