கல்லாவருகே ஓர் உண்டியல்

அமெரிக்காவின் பெரிய மளிகைக் கடைகளில் பில் போட்டு முடிந்ததும், கார்டைச் செருகும் கருவியின் திரையில் ஒரு கேள்வி எழுகிறது: மீதிச் சில்லறையை முழு டாலராக்கி, உள்ளூர்ப் பசி நிவாரணத்துக்குக் கொடுக்கலாமா? 'ரவுண்டு-அப்' எனப்படும் இந்த வழக்கத்துக்கு இன்று தனிப் பட்டியலும் பட்டமும் உண்டு. 'என்கேஜ் ஃபார் குட்' என்ற அமைப்பு, பில் கவுண்டரில் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய இயக்கங்களைச் 'சாம்பியன்கள்' என்று வரிசைப்படுத்துகிறது. 2022இல் அத்தகைய 77 இயக்கங்கள் 74.9 கோடி டாலர் திரட்டின. 2020ஐவிட இது 24 விழுக்காடு அதிகம். மருத்துவமனை, பசி என எல்லா நோக்கங்களும் சேர்ந்த தொகை இது. இதைக் காட்டி வைக்கப்படும் வாதம் எளிமையானது: கொடுப்பவருக்கு வலிக்காத சில்லறை ஊருக்குச் சோறாகிறது, இதில் குறை காண என்ன இருக்கிறது?

நிறைகளை மறுப்பதற்கில்லை. பணம் போய்ச் சேருகிறது. ஃபீடிங் அமெரிக்கா அமைப்பின் கீழ் 200க்கும் மேற்பட்ட உணவு வங்கிகளும், அவற்றோடு இணைந்த சுமார் 60,000 விநியோக இடங்களும் இயங்குகின்றன. அந்த அமைப்புக்காக வால்மார்ட் 2014 முதல் நடத்தும் இயக்கத்தில், கவுண்டரில் தரும் காசு அந்தந்தப் பகுதி உணவு வங்கிக்கே செல்கிறது. டப்பா உணவைவிட ரொக்கமே வங்கிகளுக்குப் பயன்படும். லாரி வாடகை, குளிர்பதனக் கிடங்கு, டீசல் எல்லாம் ரொக்கத்தில்தான் ஓடுகின்றன. வாடிக்கையாளரின் நன்கொடையைக் காட்டிக் கடை தன் வரியைக் குறைத்துக்கொள்கிறது என்று பரவலாகச் சொல்லப்படுவதும் தவறு. அது கடையின் வருமானமும் அல்ல, கடையின் கொடையும் அல்ல. சட்டப்படி கொடையாளர் வாடிக்கையாளரே.

வரிச்சலுகை வேறு வாசலில் இருக்கிறது. கடையின் பின்கட்டிலிருந்து உணவு வங்கிக்குப் போகும் விற்காத சரக்குக்கு, அடக்கவிலைக்கு மேலேயும் கழிவு பெற அமெரிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. 2015இல் இச்சலுகை எல்லா வகை வணிகத்துக்கும் நிரந்தரமாக்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவால் கேடு வந்தாலும் வழக்கிலிருந்து காக்க 1996ஆம் ஆண்டின் பில் எமர்சன் சட்டம் இருக்கிறது. குப்பைக்கூலியும் மிச்சம். 'ஒரு டாலருக்குக் குறைந்தது பத்து வேளை உணவு' என்ற விளம்பர வாசகத்தின் சூட்சுமமும் இங்கேதான். அந்த டாலர் பத்து வேளை உணவை விலைக்கு வாங்குவதில்லை. பெரும்பாலும் இலவசமாக வந்த சரக்கைத் தூக்கிச் சுமந்து பங்கிடும் செலவே அது. சரக்கைத் தந்த கடைக்குக் கழிவு. சுமைகூலியைத் தந்த வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் நன்றி மட்டுமே.

இவை சிறிய குறைகள். வெளிப்படையான கணக்கால் திருத்திவிடலாம். திருத்த முடியாதது இந்த வழக்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பசியைப் பற்றிய கேள்வி வாடிக்கையாளரிடம் கேட்கப்படுகிறது. கேட்பதோ கடை.

கேட்கும் இடத்தை முதலில் பார்க்கலாம். பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனியும் இரு சக ஆய்வாளர்களும் சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து, கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் வாசல்களில் மணியடித்து நிதி கேட்பவர்களை நிறுத்திச் சோதித்தனர். 2017இல் வெளியான அந்த ஆய்வில், வாய்திறந்து 'கொடுங்கள்' என்று கேட்டபோது கொடை பெரிதும் கூடியது. அதே அளவுக்குத் திகைப்பூட்டியது, அந்த வாசலைத் தவிர்த்து மறுவாசலால் போனவர்களின் எண்ணிக்கை. கேட்டால் கொடுப்பதும், கேட்காத வழியைத் தேடிப் போவதும் ஒரே கூட்டத்தின் இரு நடத்தைகள். பில் கவுண்டருக்கு மறுவாசல் கிடையாது. பின்னால் வரிசை நிற்கிறது, எதிரே காசாளர் நிற்கிறார், 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தாமல் வெளியேற வழியில்லை. அந்த நெருக்கடியில் விழும் சில்லறையை 'வலிக்காத கொடை' என்பது கேட்பவரின் கணக்கு.

எதிரே நிற்பவரின் நிலை இன்னும் கூர்மையானது. மேற்கு மாநிலங்களில் குரோகர் நிறுவனக் கடைகளில் வேலை செய்பவர்களிடம் 'எகனாமிக் ரவுண்ட்டேபிள்' என்ற ஆய்வு அமைப்பு நடத்திய ஆய்வு 2022 ஜனவரியில் வெளியானது. பதிலளித்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அவர்களில் 78 விழுக்காட்டினர் போதிய உணவுக்கு உறுதியற்ற நிலையில் இருந்தனர். தொழிற்சங்கக் கிளைகள் செய்வித்த ஆய்வு என்பதால் சற்றுத் தள்ளுபடி செய்தாலும், எஞ்சுவது சிறிய எண் அல்ல. இதே நிறுவனம் 2017 முதல் பசியும் விரயமும் இல்லாத நிலையைத் தன் இலக்காக அறிவித்து, கவுண்டரில் ரவுண்டு-அப் திரட்டுகிறது. அரசின் தணிக்கை அலுவலகம் 2020இல் தந்த அறிக்கையும் இதே திசையைக் காட்டியது: ஆராயப்பட்ட மாநிலங்களில், உணவு மானியம் பெறும் தொழிலாளர்களை அதிகமாக வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களுள் வால்மார்ட் முன்வரிசையில் இருந்தது. பசித்தவருக்காகக் காசு கேட்கும்படி பணிக்கப்பட்டவரே அந்தப் பசித்தவர்களில் ஒருவராக இருக்கக்கூடும் என்பதே இவற்றின் பொருள். கூலியை நிர்ணயிக்கும் கை உண்டியலையும் நீட்டுகிறது. உண்டியலைப் பார்க்கும் கண் கூலியைப் பார்ப்பதில்லை.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே வழிப்போக்கரின் தேங்காயைக் கடை வாங்கி உடைக்கிறது; தேங்காயின் மேல் கடையின் பெயர் எழுதியிருக்கிறது. கொடுத்தவர்கள் பெயரற்ற சில்லறையாகக் கரைய, அட்டைக் காசோலையில் நிறுவனச் சின்னம் நிற்கிறது. அறிக்கையில் 'நாங்கள் திரட்டினோம்' என்ற வரி ஏறுகிறது. சாம்பியன் பட்டமும் கொடுத்தவருக்கு அல்ல, கேட்டவருக்கு. ஆண்ட்ரூ ஃபிஷர் 2017இல் வெளியிட்ட 'பிக் ஹங்கர்' நூல் பெருநிறுவனங்களுக்கும் பசி ஒழிப்பு அமைப்புகளுக்கும் இடையிலான இந்த உறவையே விசாரணைக்கு உட்படுத்தியது. நன்கொடை தரும் நிறுவனத்தின் கூலிக் கொள்கையை நன்கொடை பெறும் அமைப்பு கேள்வி கேட்பது கடினம். உணவு வங்கியின் வாயைக் கட்டுவதற்கு யாரும் சதி செய்யத் தேவையில்லை. அடுத்த ஆண்டு இயக்கம் நடக்க வேண்டுமே என்ற கவலை போதும்.

சில்லறையும் நன்மைதானே என்ற பதிலை அளவு மறுக்கிறது. ஃபீடிங் அமெரிக்காவே சொல்லும் கணக்குப்படி, உணவு வங்கிகள் ஒரு வேளை உணவு தரும்போது 'ஸ்னாப்' என்ற அரசின் உணவு மானியத் திட்டம் ஒன்பது வேளை தருகிறது. அத்திட்டத்தின் ஆண்டுச் செலவு சுமார் 10,000 கோடி டாலர். 2022இல் எல்லா நோக்கங்களுக்கும் கவுண்டர்களில் சேர்ந்த 74.9 கோடி, ஸ்னாப்பின் மூன்று நாள் செலவுக்குக்கூடக் காணாது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் பத்தாண்டில் சுமார் 18,600 கோடி டாலரை அத்திட்டத்திலிருந்து வெட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு முடங்கி, நவம்பர் தொடக்கத்தில் சுமார் 4.2 கோடிப் பேர் நம்பியிருந்த மானியம் தடைப்பட்டபோது, உணவு வங்கிகளின் வரிசை நீண்டது. அந்த இடைவெளியை எந்தக் கவுண்டரும் நிரப்பவில்லை, நிரப்பவும் முடியாது. ஆனால் பசி என்பது சில்லறையில் தீரும் சங்கதி என்ற பாடத்தைக் கவுண்டர் ஒவ்வொரு பில்லிலும் நடத்துகிறது. 2023இல் 4.74 கோடிப் பேர் உணவு உறுதியற்ற வீடுகளில் வாழ்ந்த நாட்டில், அது தவறான பாடம்.

வழக்கம் தொடர வேண்டுமானால், கேள்வி இரு பக்கமும் பாய வேண்டும். வாடிக்கையாளர் தரும் ஒவ்வொரு காசுக்கும் கடை தன் லாபத்திலிருந்து எவ்வளவு சேர்க்கிறது, அந்தக் கடையின் ஊழியர்களில் எத்தனை பேர் உணவு மானியம் பெறுகிறார்கள் என்ற இரண்டு விவரங்களும் அதே திரையில் வந்தபின், 'கொடுக்கலாமா' என்று கேட்கலாம். அதுவரை 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்துபவர் கஞ்சர் அல்ல.